மலைநாட்டுப் பள்ளியும் மார்புச் சோதனையும்
ஊவாத் தோட்டங்களிற் காசநோய் தேடிய வரலாறு

கல்வெட்டும் செப்பேடும் ஓலையுமே வரலாற்றுக்குச் சான்றாவன என்று எண்ணிப் பழகிய நமக்கு, மனித உடம்பும் ஒரு சாசனமாகக்கூடும் என்பது எளிதில் தோன்றுவதில்லை. இலங்கையிற் பிறந்து வளர்ந்தோர் மிகப் பலரின் இடது புயத்தில் ஒரு சிறு தழும்பு உண்டு. நடுவே சற்றுக் குழிந்து, தோலின் நிறத்தினின்றும் சிறிது வெளிறிக் காணப்படும் அத்தழும்பு, பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பு மருந்து ஏற்றப்பெற்றதன் அடையாளமாகும். இம்மருந்து இந்நாட்டில் 1949ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தது. அதற்கு முன்னர்ப் பள்ளி சென்று முடித்தோரிடம் இத்தழும்பை எதிர்பார்த்தல் இயலாது. பின்னர்ப் பள்ளி சென்றோருள்ளும் யாருக்கு அது வாய்த்தது, எப்பொழுது வாய்த்தது என்று வினவப் புகுந்தால் நாட்டின் நிருவாக வரலாறே நம் முன் விரியும்.

அவ்வினாவை ஊவா மாகாணத்துத் தோட்டப் பள்ளிகளை நோக்கி எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். பள்ளிப் பிள்ளைகளிடத்தும் அவர்க்குக் கற்பிப்போரிடத்தும் காசநோயைத் தேடும் முயற்சி உலகில் எவ்வாறு தோன்றியது, பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களின் வாயிலில் அது ஏன் நெடுங்காலம் தயங்கி நின்றது என்பவற்றை மாணாக்கர் அறிந்துகொள்ளுதல் நன்று. சயரோகம், என்புருக்கி, காசம் எனப் பல பெயர் பெற்ற இந்நோய் நம் முன்னோர் அறியாததன்று. சித்த வைத்தியரும் ஆயுள்வேத வைத்தியரும் இதன் குறிகளை நன்கு கண்டு எழுதிவைத்தனர். ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு இது எவ்வாறு செல்கின்றது என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை தெளிவுபடாதிருந்தது.

முதலில் நிலத்தை நோக்குவோம். 1886ஆம் ஆண்டில் ஊவா தனி மாகாணமாக வகுக்கப்பட்டது. பதுளை நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,200 அடி உயரத்தில், நமுனுகுலை மலையின் அடிவாரத்தே அமைந்தது. அங்கிருந்து ஹாலி-எல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை என மேற்கே ஏற ஏற உயரம் 4,500 அடியைக் கடந்துவிடும். கிழக்கே பசறை, மடுல்சீமை, லுணுகலை என்னும் தோட்டப் பகுதிகள் உள. புகையிரதம் பதுளையை அடைந்தது 1924ஆம் ஆண்டிலேதான். ஆடி ஆவணி மாதங்களில் வீசும் உலர்ந்த காற்றே ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தருவது என்பர் வணிகர். அதே காற்றைத் தேடிக் கொழும்பிலுள்ள செல்வரும் வெள்ளைக்காரரும் பண்டாரவளைக்கு வந்து தங்கி உடல்நலம் பேணினர். ஐரோப்பாவிலும் அக்காலத்தில் மலைக்காற்றே காசத்திற்கு மருந்து என்று கருதிச் சுவிற்சலாந்தின் டாவோஸ் போன்ற ஊர்களில் ஆரோக்கிய நிலையங்களை எழுப்பியிருந்தனர்.

மலைக்காற்று மருந்தாயின், அம்மலையிலேயே பிறந்து வாழும் தொழிலாளர்க்கு நோய் வந்தது எங்ஙனம்? காற்று மலையில் வீசியது, லயத்துக்குள் வீசவில்லை. ஒரே கூரையின் கீழ், முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டிய இரட்டை லயங்களில், ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடியான ஒரு காம்பராவே ஒரு குடும்பத்தின் இல்லம். முன்புறத்தே ஒரு கதவு. பின்சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். உள்ளே விறகடுப்பின் புகை. குளிரை அஞ்சி மாலையில் அடைத்த கதவு விடியற்காலையிற் பெரட்டுக்குச் செல்லும்போதுதான் திறக்கப்படும். காசநோய்க் கிருமி, நோயாளி இருமும்போது காற்றிற் கலந்து, வெயிலும் காற்றோட்டமும் இல்லாத இடத்திற் பல மணி நேரம் தங்கவல்லது. அதற்கு உவப்பான உறைவிடம் ஒன்றை வேண்டுமென்றே அமைக்கப் புகுந்தாலும் லயக் காம்பராவினும் சிறந்த ஒன்றை அமைத்தல் அரிது.

இனி அறிவியலின் பகுதி. 1882ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 24ஆந் திகதி பேர்லின் நகரில் றொபேட் கொக் என்னும் அறிஞர், காசநோயை உண்டாக்கும் கிருமியைத் தாம் கண்டதாக அறிவித்தார். எட்டாண்டுகளின் பின் அக்கிருமியிலிருந்து தியூபர்க்குலின் என்னும் சாரத்தை எடுத்து அதுவே நோய்க்கு மருந்தென்றார். மருந்தென்ற வகையில் அது தோற்றது. ஆயின் தோற்ற மருந்து சோதனைக்கருவியாக உயிர்பெற்றது. வியன்னாவிற் குழந்தை வைத்தியராயிருந்த பிர்க்கே 1907ஆம் ஆண்டில் அச்சாரத்தைத் தோலிற் கீறித் தடவி, முன்னரே கிருமி புகுந்தவரிடத்து மட்டும் அவ்விடம் தடித்தெழுதலைக் காட்டினார். அடுத்த ஆண்டிற் பிரான்சு நாட்டு வைத்தியர் மாந்தூ, அதனை ஊசி வழியே தோலினுள் ஏற்றும் முறையை வகுத்தார். ஏற்றிய இரண்டு மூன்று நாட்களின் பின் தடிப்பை அளந்து பார்க்கும் அம்முறையே இன்றளவும் வழங்குகின்றது.

இச்சோதனை கூறும் செய்தியைப் பலர் தவறாக உணர்ந்திருத்தலின் இங்குச் சற்று நின்று விளக்குதல் வேண்டும். கை தடித்த பிள்ளை நோயாளி என்பது பொருளன்று. கிருமி உட்புகுந்து உறங்குகின்றது என்பதே பொருள். அவ்வாறு கிருமி புகுந்த பத்துப் பேரில் ஒன்பதின்மர் வாழ்நாள் முழுவதும் நோயுறாமலே இருந்துவிடுவர். வியன்னாவிற்கூடப் பதினான்கு வயதை எட்டிய பிள்ளைகளுட் பெரும்பாலோர்க்குக் கை தடித்தது. எனினும் ஐந்தாறு வயதுக் குழந்தை ஒன்றின் கை தடித்ததாயின் அதற்கு வேறொரு கருத்து உண்டு. அக்குழந்தை பிறந்து ஐந்தாறு ஆண்டுகளே ஆயின. அச்சிறு காலத்துள், அதன் அருகே இருந்து இருமிய மூத்தவர் ஒருவர் இருந்திருத்தல் வேண்டும். அவர் பாட்டனாராகலாம், தந்தையாகலாம், அடுத்த காம்பராவினராகலாம், ஆசிரியராகவும் ஆகலாம். பிள்ளையின் கையிலெழுந்த தடிப்பு, பிள்ளையைப் பற்றியதினும் அப்பெயரறியா மூத்தவரைப் பற்றியே மிகுதியாகப் பேசுகின்றது. சிறு பிள்ளைகள் நோயுற்றாலும் பிறர்க்கு அதனைப் பரப்புதல் அரிது. அவர்தம் இருமல் வலிவற்றது, சளியிற் கிருமியும் குறைவு. ஆதலாற் பள்ளியிற் செய்யும் சோதனை பள்ளியோடு முடிவதாயின் அதனாற் பயன் சிறிதே. அது பிள்ளையின் பின்னே நடந்து லயத்துக்குச் செல்லுதல் வேண்டும்.

1895ஆம் ஆண்டில் றொஞ்சன் கண்ட ஊடுகதிர் மற்றொரு கருவியாயிற்று. ஆயினும் பெரிய படத்தட்டு ஒன்றுக்கு ஆகும் செலவு மிகுதி. 1936ஆம் ஆண்டிற் பிறேசில் நாட்டின் றியோ டி ஜெனீரோ நகரில் அபிறேயு என்னும் வைத்தியர், ஒளிரும் திரையில் விழும் மார்பின் உருவைச் சிறு படச்சுருளிற் பதியும் உபாயத்தைக் கண்டார். அதனால் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானோரை வரிசையில் நிறுத்திப் படமெடுத்தல் இயல்வதாயிற்று. படைவீரர், ஆலைத் தொழிலாளர், ஆசிரியர் என்போர் மேலைநாடுகளில் இவ்வாறு ஆண்டுதோறும் சோதிக்கப்பட்டனர். மின்சாரமும் வண்டிப்பாதையும் உள்ள இடத்திற்கே இக்கருவி செல்லும் என்பதை மலைநாட்டைக் கண்டோர் சொல்லாமலே உணர்வர்.

தோட்டங்களின் நிருவாகம் எவ்வாறிருந்தது என்பதை இனிக் காண்போம். 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைத் தோட்டமொன்றிற் கோப்பி இலைகளிற் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. அவ்விலைகள் பேராதனைப் பூங்காவின் தலைவர் துவெயிற்சிடம் அனுப்பப்பட்டன. அவர் இங்கிலாந்திலுள்ள பார்க்கிளிக்கு அனுப்பினார். அவ்வாண்டு முடியுமுன்னரே அக்காளானுக்குப் பெயரும் இடப்பட்டது. இலைமேற் புள்ளி ஒன்றைக் கண்டு கடல் கடந்தும் ஆராய்ந்த அக்காலத்தில், அவ்விலையைப் பறித்த கையினரின் நெஞ்சை ஆராய்வார் இலர். இதனை ஓர் ஏளனமாகக் கூறவில்லை. கோப்பி முதலீடு, தொழிலாளி மாற்றுதற்கு எளியவர். அக்காலக் கணக்கு அத்தகையது.

ஆயினும் தொழிலாளரின் சாவு கணக்கைப் பாதித்தபோது சட்டம் பிறந்தது. 1872ஆம் ஆண்டில் தோட்டப் பகுதிகட்கு வைத்திய வசதி செய்யும் கட்டளைச் சட்டம் முதன்முதல் இயற்றப்பட்டது. அது பலமுறை திருத்தப்பட்டு, 1912ஆம் ஆண்டில் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டமாகவும் தொழிலாளரிடையே நோய்கள் பற்றிய கட்டளைச் சட்டமாகவும் நிலைபெற்றது. தோட்டம் தன் மருந்துக்காம்பராவைத் தானே நடத்தும். கடுநோயாளரை மாவட்ட வைத்தியசாலைக்கு அனுப்பும். அரசாங்கம் மேற்பார்வை செய்யும். கல்விக்கும் இவ்வாறே ஓர் ஏற்பாடு அமைந்தது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும், ஆறு வயது முதல் பத்து வயதுவரையுள்ள பிள்ளைகட்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின் மீதே வைத்தன. ஆகவே பிள்ளையின் எழுத்தும் பிள்ளையின் நோயும் பெரியதுரையின் அலுவலகத்தில் இரண்டு கணக்கேடுகளாயின.

இதனாலெழுந்த இடைவெளியே நம் பொருளுக்கு முதன்மையானது. 1926ஆம் ஆண்டிற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டு, நோய் வருமுன் காக்கும் பணியும் பள்ளிப் பிள்ளைகளைச் சோதிக்கும் பணியும் ஒழுங்குபெற்றன. அம்முறை பின்னர் நாடெங்கும் பரவியது. கிராமத்துப் பள்ளிக்குச் சுகாதார வைத்திய அதிகாரியும் பரிசோதகரும் சென்றனர். தோட்டமோ தனக்கெனத் தனி வைத்திய ஏற்பாடு உடையதெனக் கருதப்பட்டமையின், அப்பணி அதன் எல்லையில் நின்றது. மருந்துக்காம்பரா வந்தவர்க்கு மருந்து கொடுக்கும் இடம். நோயைத் தேடிச் செல்லும் இடமன்று. இருவேறு வேலிகளுக்கிடையே தோட்டப் பள்ளியின் பிள்ளை எவர் கணக்கிலும் முழுமையாகச் சேராது நின்றது.

தோட்டத்திற் சோதனை நடத்துதல் இயலாது என்று எவரேனும் கூறின் அது பொருந்தாது. 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிதியத்தார் இலங்கைத் தோட்டங்களிற் கொளுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். மாத்தளைப் பகுதியில் முதலில் நிகழ்ந்த அம்முயற்சியில் ஆடவர் பெண்டிர் பிள்ளைகள் யாவரும் பெயர் பெயராகச் சோதிக்கப்பட்டு, பெரும்பாலோர் புழுவுடையர் எனக் காணப்பட்டு, மருந்தும் ஊட்டப்பெற்றனர். நாடு முழுவதிலும் இவ்வளவு எளிதில் ஒரு மக்கட்கூட்டத்தை எண்ணிவிடுதற்குத் தோட்டத்தினும் வாய்ப்பான இடம் வேறில்லை. செக்ரோலில் எல்லார் பெயரும் உண்டு. பெரட்டுக்களத்தில் எல்லாரும் விடியுமுன் நிற்பர். கங்காணி ஒவ்வொரு குடும்பத்தையும் அறிவார்.

பின்னர்க் காசத்துக்கு அவ்வாறு செய்யாமை ஏன்? கொளுக்கிப்புழுவுடையவர் சில வேளை மருந்துண்டபின் முன்னினும் நன்றாக வேலை செய்தார். கண்டுபிடித்தல் முதலாளிக்கும் இலாபம், தொழிலாளிக்கும் நலம். காசமுடையவரைக் கண்டுபிடித்தால் அவர்க்குக் கொடுக்க மருந்தில்லை. மாதக்கணக்காக ஆரோக்கிய நிலையத்திற் கிடத்துதல் ஒன்றே வழி. அதுவரை அவர் குடும்பத்தின் காம்பராவும் அரிசியும் யார் பொறுப்பு? இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் மறுவாண்டு வகுத்த விதிகளின்படி, புதிதாக வந்த தொழிலாளி ஓராண்டுக்குள் நோயுற்றால் அவரைச் செலவின்றித் தாய்நாட்டுக்குத் திருப்பியனுப்பலாம். தொழிலாளியைக் காத்தற்கென்றே வகுத்த நல்விதி அது. ஆயினும் மார்பு நோய் என்ற சொல் கப்பலையும் மண்டபம் முகாமையும் நினைவூட்டும் சொல்லாகவும் அதனாலேயே ஆயிற்று. கண்டுபிடிக்கப்படுதல் வெளியேற்றப்படுதலாகக்கூடிய இடத்தில் எவர்தாம் தம் இருமலை முன்வந்து கூறுவர்? சோதனையின் பயன் ஊசியிலோ கதிரிலோ இல்லை. சோதனைக்கு மறுநாள் என்ன நிகழும் என்பதிலேயே உள்ளது என்பது எம் கருத்து. ஊவாவின் வரலாறு முழுவதும் இதனைத்தான் காட்டுகின்றது.

அந்த மறுநாளை மாற்றியமைத்தன புதிய மருந்துகள். 1943ஆம் ஆண்டில் ஸ்திரெப்ரோமைசினும், அதனையடுத்துப் பாஸ் என்னும் மருந்தும், 1952ஆம் ஆண்டில் ஐசோநயசிட்டும் வந்தன. இவற்றினும் நம் பொருளுக்கு நெருங்கியது சென்னையில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி. 1956ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பட்ட காசநோய் மருந்தாராய்ச்சி நிலையத்தில், நெரிசல் மிக்க ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த நோயாளர் இரு கூறாக்கப்பட்டனர். ஒரு கூற்றினர் ஆரோக்கிய நிலையத்திலே நல்லுணவும் ஓய்வும் பெற்றனர். மற்றவர் தம் குடிசைகளிலேயே இருந்து அதே மருந்துகளை உண்டனர். ஓராண்டின் முடிவில் இரு சாராரிடையே காணப்பட்ட வேறுபாடு மிகச் சிறிது. 1959ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவை உலகமே வியந்தது. வீட்டிலிருந்தோரின் குடும்பத்தினரை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தபோது, அவர்க்கு நோய் கூடுதலாகப் பரவவில்லை என்பதும் புலனாயிற்று. மருந்து உட்கொள்ளத் தொடங்கியவர் விரைவிலேயே பிறர்க்குத் தீங்கற்றவராகின்றார். சென்னைக் குடிசைக்குப் பொருந்தியது பதுளை லயத்துக்கும் பொருந்தும் அன்றோ? தந்தையைக் கண்டுபிடிப்பது தந்தையை இழப்பதன்று என்று ஆசிரியர் ஒருவர் பிள்ளைக்கு உண்மையாகவே சொல்லத்தக்க காலம் அப்பொழுதுதான் பிறந்தது.

தடுப்பு மருந்தின் கதை இத்துணை நேரானதன்று. கல்மெத், கெரின் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் ஆக்கிய பி.சி.ஜி. 1921ஆம் ஆண்டில் முதன்முதல் ஒரு குழந்தைக்கு ஊட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் பின் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் ஸ்கந்திநேவிய நாடுகளின் உதவிச் சங்கங்களும் தொடங்கிய அனைத்துலக இயக்கம் இலங்கைக்கும் வந்தது. தமிழகத்திலே கிண்டியில் மருந்து ஆக்கப்பட்டது. அங்கு 1955ஆம் ஆண்டில் இராஜாஜி அவர்கள் இவ்வியக்கத்தை எதிர்த்து ஒரு நூலே எழுதினார்கள். பின்னர்ச் செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968ஆம் ஆண்டில் தொடங்கிய மாபெரும் ஆராய்ச்சி, வளர்ந்தோரின் நுரையீரற் காசத்தை இம்மருந்து தடுக்கவில்லை என்று 1979ஆம் ஆண்டில் அறிவித்தபோது, இராஜாஜியே வென்றார் எனச் சிலர் கூறினர். அவ்வாறு கொள்ளுதற்கில்லை. சிறு குழந்தைகளின் மூளைச்சவ்வைத் தாக்கும் கொடிய காசத்தையும் உடலெங்கும் பரவும் காசத்தையும் தடுப்பதில் இம்மருந்தின் பயன் ஐயமற நிறுவப்பட்டுள்ளது. லயத்துக் குழந்தைக்கு அது சிறு பேறன்று.

அவ்வியக்கம் நடந்த முறையையும் நோக்குக. முதல்நாள் தியூபர்க்குலின் ஏற்றுவர்; மூன்றாம்நாள் மீண்டும் வந்து கையைப் பார்ப்பர்; தடிப்பில்லாத பிள்ளைக்கே தடுப்பு மருந்து. எனவே பிள்ளை இரண்டு நாளும் பள்ளிக்கு வருதல் வேண்டும். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்படும் பிள்ளையும், கொழுந்து மிகுந்த காலத்திற் கைக்காசுக்கு மலைக்குச் செல்லும் பிள்ளையும் மூன்றாம்நாள் வராதொழிந்தால், முதல்நாள் ஊசி வீணே. பள்ளி வரவு ஒழுங்காயிருந்த நகரத்துக்கு இம்முறை நன்கு பொருந்தியது. முன்சோதனையின்றி நேரே மருந்தேற்றும் வழக்கம் உலகிற் பரவியது அறுபதாம் ஆண்டுகளிலேதான்.

மருந்து வந்த அதே காலத்தில் மற்றொரு தடையும் வந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டில் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் பங்கீடு 1974ஆம் ஆண்டில் முடிந்தது. அக்காலத்திற் காசத்துக்கு மருந்துண்ண ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுவரை வேண்டும். எந்த மாதம் எந்தக் கரையில் இருப்போம் என்றறியாத குடும்பத்தில் ஒருவர் ஒன்றரை ஆண்டு தவறாது மருந்துண்ணல் எளிதா? இடையே மருந்தை விடுதல் உண்ணாதிருத்தலினும் தீது. கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். குடியுரிமையைப் பற்றி நம்மவர் எழுதிய கட்டுரைகள் பல. அதனை நெஞ்சுச் சளியோடு தொடர்புபடுத்திப் பார்த்தோர் சிலரே.

ஆசிரியரைப் பற்றி இதுவரை அதிகம் கூறவில்லை. பிள்ளைகளைச் சோதிப்பதிற் காட்டும் ஊக்கத்தை ஆசிரியரைச் சோதிப்பதில் நாம் என்றும் காட்டியதில்லை. 1943ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டுப் பெண்கள் பாடசாலை ஒன்றில், போர்க்காலப் பாதுகாப்பிற்காகச் சாளரங்கள் அடைக்கப்பட்ட அறையிற் பாடம் நடந்தது. கற்பித்த ஆசிரியர் ஒருவர்க்கு எவரும் அறியாது காசம் இருந்தது. முன்னர்க் கிருமி தொடாத மாணவிகளுட் பெரும்பாலோர் தொற்றுப் பெற்றனர், பலர் நோயுற்றனர். பி.சி.ஜி. ஏற்றியிருந்த மாணவியரிடையே நோய் மிகச் சொற்பம். அந்நாட்டு வைத்தியர் ஹூகே 1947ஆம் ஆண்டில் வெளியிட்ட இவ்வறிக்கை, பள்ளியிற் காசம் பற்றிப் பேசுவோர் யாவரும் எடுத்துக்காட்டும் ஒன்று. அடைத்த அறை, ஒரே ஆசிரியர், நாள்தோறும் அவர் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் என்னும் இம்மூன்றும் தோட்டப் பள்ளியிற் போரில்லாமலே பல்லாண்டு நிலவின. ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் ஓராசிரியர் நடத்திய பள்ளிகள் பல. அவ்வாசிரியர்க்குப் பதிலாசிரியர் இல்லை. அவர் மருத்துவ விடுமுறை கொண்டால் பள்ளி மூடப்படும். நோயின் பெயர் வெளிப்பட்டால் மணப்பேச்சுத் தடைப்படும், குவாட்டர்ஸ் பறிபோகும் என்ற அச்சமும் உடன் நின்றது. அவர் இருமலை வெற்றிலையிலும் கற்கண்டிலும் மறைத்ததிற் குறை காண்பதற்கு எம் மனம் ஒப்பவில்லை. ஆசிரியர் என்று கூறுமிடத்துப் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்க்கும் ஆயாவையும் சேர்த்தே கூறுதல் வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கே இந்நோய் மிகக் கொடியது; அக்குழந்தையை நாள் முழுவதும் மடியில் வைத்திருப்பவர் அவர்.

எனவே எல்லாரையும் ஆண்டுதோறும் கதிர்ப்படம் எடுத்துவிட்டால் முடிந்தது என்று தோன்றலாம். உலக அனுபவம் அவ்வாறு கூறவில்லை. பங்களூரிலுள்ள தேசியக் காசநோய் நிலையத்தைச் சார்ந்த பானர்ஜி, அண்டர்சன் என்போர் தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களில் ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். காசமுடையோரிற் பெரும்பாலோர் தம் நோய்க்குறியைத் தாமே உணர்ந்திருந்தனர். பாதிப் பேர் வைத்தியரிடம் சென்றுமிருந்தனர். அங்கே அவர்க்குக் கிடைத்தது ஒரு புட்டி இருமல் மருந்து. நோயாளி நோயை மறைக்கவில்லை. வைத்தியசாலையே நோயாளியைக் காணவில்லை. இவை போன்ற ஆராய்ச்சிகளின் பின், 1974ஆம் ஆண்டில் உலகச் சுகாதாரத் தாபனத்தின் அறிஞர் குழு, கண்டபடி எல்லார்க்கும் கதிர்ப்படம் எடுக்கும் முறையைக் கைவிடுமாறு கூறியது. இருமலோடு வருபவரின் சளியை நுண்காட்டியிற் பார்த்தலே முதல் வேலை என்றாயிற்று. இம்முடிவை மருந்துக்காம்பராவின் வாயிலிலிருந்து நோக்கினால் அதன் பொருள் நன்கு விளங்கும். செம்மஞ்சள் நிற இருமல் மருந்தைப் புட்டியில் வாங்கி நின்ற வரிசையை மலைநாட்டிற் காணாதார் யார்?

தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாயின. 1977ஆம் ஆண்டு முதல் தோட்டப் பள்ளிகளும் படிப்படியாக அரசின்கீழ் வந்தன. 1992ஆம் ஆண்டில் தோட்ட நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளின் கைக்குச் சென்றபோதும் பள்ளிகள் அரசிடமே இருந்தன. முன்னர்க் கூறிய வேலிகளில் ஒன்று இவ்வாறு அகன்றது. பள்ளிப் பிள்ளைகளைச் சோதிக்கச் சுகாதார வைத்திய அதிகாரியின் குழு இப்பொழுது தோட்டப் பள்ளிக்கும் செல்கின்றது. பி.சி.ஜி. இன்று பள்ளிக்குக் காத்திராமல், பிறந்த குழந்தை வைத்தியசாலையை விட்டு நீங்குமுன்னரே ஏற்றப்படுகின்றது. பதுளையில் மாவட்ட மார்புநோய்ச் சிகிச்சை நிலையம் உண்டு, மருந்து இலவசம், பொதுவாக ஆறு மாதத்தில் முடியும். உலகச் சுகாதாரத் தாபனம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகள், நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்வோரைத் தவறாது தேடிச் சோதிக்குமாறு வலியுறுத்துகின்றன. பிர்க்கே காட்டிய தடிப்பின் பொருளும் அதுவே.

எனினும் லயம் இன்னும் பல இடங்களில் லயமாகவே உள்ளது. உணவைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். 2016ஆம் ஆண்டில் எடுத்த நாடளாவிய குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடு முழுவதற்கும் நூற்றுக்குப் பதினெழுவர். பெருந்தோட்டத் துறையில் நூற்றுக்கு முப்பத்திருவர். காசத்தையும் பசியையும் இணைத்துப் பேசுதல் பழைய வழக்கமாயினும், அதற்கு உறுதியான சான்று அண்மையிலேதான் கிடைத்தது. இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் நிகழ்த்தி 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், நோயாளியின் குடும்பத்தினர்க்கு அரிசியும் பருப்பும் மாதந்தோறும் கூடுதலாகக் கொடுத்தபோது, அவரிடையே புதிதாகக் காசம் தோன்றுதல் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பங்கு குறைந்தது. இருமுபவரைத் தேடிச் செல்லும் பரிசோதகர் சளிப்புட்டியோடு அரிசிச் சீட்டையும் கொண்டுசெல்ல வேண்டுமென்று இதனைக் கொள்ளலாம்.

ஊவாவின் தோட்டப் பள்ளிகளில் இன்று பணியாற்றும் ஆசிரியருட் பலர் அவ்வயல் லயங்களிற் பிறந்து, நம்மைப் போன்ற கல்லூரிகளிற் பயின்று சென்றவர். அவரிடம் கதிர்க்கருவி இல்லை. வரவுப் பதிவேடு உண்டு. அடிக்கடி வராத பிள்ளையையும், இரண்டு வாரத்திற்கு மேல் இருமும் பிள்ளையையும், எடை குறையும் பிள்ளையையும் அவரே முதலிற் காண்கின்றார். அத்தகைய பிள்ளையைக் கண்டால், வீட்டில் வேறு யார் இருமுகின்றார்கள் என்று அன்போடு கேட்கவேண்டும். பெரும்பாலும் ஒரு பாட்டனாரோ தந்தையாரோ இருப்பார். மடுல்சீமையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ விடியற்காலையிற் பஸ்ஸேறிப் பதுளைக்குச் சென்று, சளி கொடுத்து, படமெடுத்துத் திரும்ப அவர்க்கு ஒரு பகல் முழுவதும் ஆகும். அன்று அவர்க்குப் பேர் விழாது.